வாத்தின் குரலும் மரத்தின் முடிச்சும்

மெம்பிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆர்க்கன்சா மாநிலம். அங்கிருந்து தென்மேற்கே இறங்கும் 79-ஆம் எண் நெடுஞ்சாலையில் மரியானா ஊரருகே க்ரௌலி முகடு என்ற மேடு ஒன்று குறுக்கிடுகிறது. மற்றபடி வழியெங்கும் சமதரை, இருபுறமும் வரப்பு கட்டிய வயல். நான் போனது நவம்பர் கடைசி வாரம். நெல் அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. ஆனாலும் பல வயல்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். அறுத்த வயலுக்கு எதற்குத் தண்ணீர் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி யாரும் கேட்பார். அந்தத் தண்ணீர் வாத்துகளுக்காக.

கிளாரெண்டன் ஊரில் ஒயிட் ஆற்றைக் கடந்ததும் கிராண்ட் ப்ரெய்ரி தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஆளுயரப் புல் வளர்ந்து கிடந்த வெளி அது. மேல்மண்ணுக்குக் கீழே தண்ணீரை இறங்கவிடாத இறுகிய களிமண் படுகை இருப்பதால் மழைநீர் மேலேயே தங்கிவிடும். மற்றப் பயிர்களுக்குப் பெரிதாக உதவாத அந்த மண் நெல்லுக்குத் தோதாக அமைந்தது. இங்கே நெல் வேரூன்றியது 1904-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். இன்று அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறையப் பாதி ஆர்க்கன்சாவிலிருந்து வருகிறது. 1921-இல் விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய ரைஸ்லேண்ட் கூட்டுறவு நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஸ்டட்கார்ட்தான் நான் தேடிப்போன ஊர்.

ஜெர்மானியப் பெயர் கொண்ட அமெரிக்கச் சிற்றூர் அது. 1870-களின் கடைசியில் ஆடம் பியூர்க்கல் என்ற லூத்தரன் பாதிரியார் இங்கே நிலம் வாங்கி ஜெர்மானியக் குடும்பங்களைக் குடியேற்றினார். மக்கள்தொகை இன்று பத்தாயிரத்துக்கும் குறைவு. தூரத்திலிருந்தே கண்ணில் படுபவை நெல் சேமிக்கும் கான்கிரீட் குதிர்கள். ஊருக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் வாத்து. கடைப் பலகையில் வாத்து, சுவரோவியத்தில் வாத்து. உலகத்தின் நெல் தலைநகர், வாத்துத் தலைநகர் என்று இரண்டு பட்டங்களையும் ஊர் சேர்த்தே சூடிக்கொண்டிருக்கிறது.

கனடாவின் புல்வெளிகளிலும் டகோட்டா குளங்களிலும் குஞ்சு பொரிக்கும் மல்லார்ட் வாத்துகள் குளிர் இறங்க இறங்க மிசிசிப்பி ஆற்றுத் தடத்தைப் பிடித்துத் தெற்கே வருகின்றன. சிந்திய நெல்மணியும் கருவாலிக் காட்டில் உதிர்ந்த கொட்டையும் கிடைப்பதால் கிராண்ட் ப்ரெய்ரியில் தங்கிவிடுகின்றன. அவற்றின் பின்னாலேயே வேட்டைக்காரர்கள் வந்தார்கள். வேட்டைக்காரர்களின் கழுத்தில் தொங்கிக்கொண்டு டக் கால் வந்தது. வாத்தின் குரலில் கூவி வாத்தை அழைக்கும், கையடக்கமான மர ஊதல். அதைக் கடையும் கலையையும், அதன் உடலில் மரத்தாலேயே இழைக்கும் முடிச்சுக் கோலத்தையும் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

முதலில் ஊரின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கிராண்ட் ப்ரெய்ரியின் உழவுக் கருவிகளோடு நீர்ப்பறவை வேட்டைக்கென்றே அங்கே ஒரு பகுதி இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. மெருகு போனவை, கயிறு உரசித் தேய்ந்தவை, பல் பதிந்தவை. எல்லாமே யாரோ ஒருவர் உதட்டில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஊதியவை.

இந்த ஊதலுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1870-இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஈலம் ஃபிஷர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இல்லினாய் மாநிலத்தின் பீக்கின் ஊரில் பி. எஸ். ஓல்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெட்டி ரப்பரில் ஊதல் செய்து நாடெங்கும் விற்றார். டென்னசியின் வடமேற்கு மூலையில், 1811–12 நிலநடுக்கங்களில் தரை அமிழ்ந்து உண்டான ரீல்ஃபுட் ஏரிக்கரையில், விக்டர் குளோடோ போன்றவர்கள் மூச்சில் அதிர்ந்து ஒலிக்கும் நாக்கை வளைந்த உலோகத்தில் வைத்து ஒரு தனி மரபையே வளர்த்தார்கள். ஆர்க்கன்சா மரபு வேறு. இங்கே நாக்கு தட்டையாக இருக்கும்.

ஊதல் இவ்வளவு முக்கியமானதற்கு ஒரு சட்டமும் காரணம். அதுவரை வேட்டைக்காரர்கள் பழக்கிய வாத்துகளைத் தண்ணீரில் கட்டிவிட்டு, அவை கூவுவதைக் கேட்டு இறங்கும் காட்டு வாத்துகளைச் சுட்டார்கள். நம் ஊரில் கௌதாரி பிடிக்கப் பார்வைப் பறவை வைப்பதைப் போன்ற முறைதான். 1930-களின் வறட்சியில் வாத்து இனமே சுருங்கியபோது, 1935-இல் கூட்டரசு பார்வை வாத்துகளுக்குத் தடை போட்டது. அதன்பின் வாத்தை இறக்க மனித மூச்சும் மரமும்தான் மிச்சம். அடுத்த ஆண்டே, 1936 நவம்பரில், ஸ்டட்கார்ட்டின் மெயின் ஸ்ட்ரீட்டில் முதல் வாத்து அழைப்புப் போட்டி நடந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில்லைச் சேர்ந்த தாமஸ் வால்ஷ் வென்றார். பரிசு, 6 டாலர் 60 சென்ட் மதிப்புள்ள ஒரு வேட்டைக் கோட்டு.

அந்தப் போட்டி இன்று உலகப் பட்டப் போட்டி. நன்றி நவிலும் நாளை ஒட்டிய வாரத்தில் ஊரே திருவிழாக்கோலம் பூணுகிறது. ஒரு பக்கம் வாத்துக்கறி கம்போ சமைக்கும் போட்டி, இன்னொரு பக்கம் கடைகள். தெருவின் நடுவே மேடை. வட்டாரப் போட்டிகளில் வென்றவர்கள் மட்டுமே மேடை ஏறலாம். ஒவ்வொருவருக்கும் 90 விநாடி. வானத்தின் உயரத்தில் போகும் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கும் நீண்ட உரத்த கூவல், கூட்டம் கீழே வந்ததும் இரை தின்னும் வாத்துகளின் கலகலப்பு, விலகிப் போகிறவற்றை மறுபடி இழுக்கும் கெஞ்சல் என்று ஒரு முழு உரையாடலையும் அதற்குள் ஊதி முடிக்க வேண்டும். இரை தின்னும் ஒலியில் நாக்கு துள்ளும் வேகத்தைக் கேட்டால், ஒருவர் ஊதுவதாகவே தோன்றாது. பத்து வாத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெல் பொறுக்குவதுபோல் இருக்கும்.

வேட்டைக்காரர்கள் பழகிக் கற்பது பெட்டை வாத்தின் குரலை. பளபளக்கும் பச்சைத் தலை ஆணுக்கு உண்டு, உரத்த 'குவாக்' அதற்கு இல்லை. அதன் குரல் தணிந்த கரகரப்பு. ஊரைக் கூட்டும் குரல் முழுவதும் பெட்டையுடையது. அந்தக் குரலைக் கைவசப்படுத்திய ஒரு பெண்ணும் இந்த மேடையில் ஏறியிருக்கிறார். சிக் மேஜர் என்ற புகழ்பெற்ற ஊதல் கலைஞரின் குடும்பத்தைச் சேர்ந்த பாட் பீக்காக் 1955-இலும் 1956-இலும் அடுத்தடுத்து உலகப் பட்டத்தை வென்றார். சிக் மேஜர் செய்த 'டிக்ஸி மல்லார்ட்' ஊதல்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். அவரிடம் சிறுவயதில் கற்ற புட்ச் ரிச்சன்பேக் 1972-இல் பட்டம் வென்று, 1976-இல் இதே ஊரில் ரிச்-என்-டோன் என்ற ஊதல் பட்டறையைத் தொடங்கினார். இப்படிக் கை மாறிக் கை மாறி வந்த வித்தை இது.

மேடையில் நான் கவனித்த ஒன்று இந்தப் பயணத்துக்கே திசை காட்டியது. நடுவர்கள் போட்டியாளரைப் பார்ப்பதில்லை. மறைப்புக்குப் பின்னால் அமர்ந்து காதால் மட்டும் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். ஊதுகிறவர் யார், கையில் இருப்பது மரமா அக்ரிலிக்கா, அதன் உடலில் என்ன வேலைப்பாடு என்று எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஊதலின் அழகுக்கு அங்கே ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு கடைசல்காரர் ஏன் இராப்பகலாக உட்கார்ந்து அதன் உடலில் முடிச்சு இழைக்கிறார்?

விடை தேடி, ஊருக்கு வெளியே வயலோரத்துக் கொட்டகை ஒன்றுக்குப் போனேன். அறுபது வயதைக் கடந்த ஒருவர் அங்கே லேத் வைத்து ஊதல் கடைகிறார். பகலில் நெல் விவசாயி, மாலையில் கடைசல்காரர். கைகுலுக்கியதும் பேச்சைத் தொடங்காமல், ஓர் ஊதலை எடுத்து இரண்டு கூவல் கூவிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"முதல்ல சத்தத்தைக் கேட்டுக்கங்க. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார்.

கையில் வாங்கிப் பார்த்தேன். கருப்பு வால்நட் மரத்தில் கடைந்த உடல். நடுவே வெளிர் மேப்பிள் மரப் பட்டைகள் வளைந்து, ஒன்றையொன்று வெட்டி, பின்னி, உடலை முழுக்கச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்கின்றன. எங்கே தொடக்கம் எங்கே முடிவு என்று கண்டுபிடிக்க முடியாது. நம் வீட்டு வாசல் சிக்குக் கோலம்தான் அப்படி நெளியும். அயர்லாந்தின் கெல்ஸ் நூல் போன்ற பழைய ஏடுகளில் துறவிகள் வரைந்த பின்னல் முடிச்சுகளின் சாயல் இருப்பதால் அமெரிக்கக் கடைசல்காரர்கள் இதைக் கெல்டிக் முடிச்சு என்கிறார்கள். பேனா, பூரிக்கட்டை, கைத்தடி என்று கடையும் எதிலும் இதை இழைப்பதுண்டு. ஊதலில் இழைப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். ஏன் என்பது அவர் செய்து காட்டியபோதுதான் விளங்கியது.

அந்த முடிச்சில் ஒரு வளைவைக்கூட யாரும் வளைப்பதில்லை. வரைவதுமில்லை, செதுக்குவதுமில்லை. நாலே நாலு நேர்வெட்டுகள்தான்.

38 மில்லிமீட்டர் சதுரமுள்ள கட்டையை எடுத்துக்கொள்கிறார். நாலு பக்கமும் துல்லியமாகச் சமமாக, மூலைமட்டம் வைத்தால் ஒளி புகாதபடி இருக்க வேண்டும். மேசை ரம்பத்தில் கட்டையை 45 பாகை சாய்த்து வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை அறுக்கிறார். முழுக்க அறுப்பதில்லை. அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டுவிடுகிறார். கட்டை இரண்டாகிவிட்டால் இரு துண்டும் மறுபடி அதே நேர்க்கோட்டில் பொருந்தாது. ரம்பம் தின்ற இடைவெளி 3 மில்லிமீட்டர் என்றால், அதே 3 மில்லிமீட்டர் கனத்தில் மேப்பிள் பட்டை சீவி, எபாக்சி பசை தடவி அந்த வெட்டில் செருகுகிறார். இறுக்கிக் கட்டி இரவு முழுக்கக் காயவிடுகிறார். மறுநாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையைச் சீவிச் சமப்படுத்தி, கட்டையைக் கால்வட்டம் திருப்பி, அதே இடத்தில் இரண்டாவது வெட்டு. இப்படி நாலு பக்கம், நாலு இரவு. நாலாவது பட்டை ஏறும்வரை அது கரடுமுரடான சதுரக் கட்டைதான். பார்த்தால் பெருக்கல் குறிகள் மட்டும் தெரியும்.

கட்டை லேத்தில் ஏறியதும்தான் அதிசயம். சாய்வாகப் போகும் ஒவ்வொரு பட்டையும் உள்ளே ஒரு சமதளம். உருளையைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் நீள்வட்டம். அந்த உருளையின் மேற்பரப்பைத் தாள்போல் விரித்தால் நீள்வட்டம் அலையாகிவிடும். பள்ளிக் கணக்கில் படித்த சைன் அலையேதான். நாலு பட்டைக்கு நாலு அலை, ஒன்றுக்கொன்று கால்வட்டம் தள்ளி. இரண்டிரண்டாக அவை பன்னிரண்டு இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. நடுவில் நாலு, மேலே நாலு, கீழே நாலு. உளி மூலைகளைச் சீவிச் சீவி உருட்டும்போது இந்தப் பன்னிரண்டு சந்திப்பும் ஒவ்வொன்றாக இடம் பிடித்து அமர்வதை லேத்தின் அருகே நின்று பார்த்தேன். நேர்க்கோடுகள் என் கண்முன்னே வளைந்தன.

கோணமும் கனமும் சேர்ந்து முடிச்சின் உருவத்தை முடிவு செய்கின்றன. 45 பாகையில் அறுத்து 32 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடைந்தால் அலையின் உயரமும் 32 மில்லிமீட்டர். கட்டையை 30 பாகைக்குச் சாய்த்தால் அதே முடிச்சு 55 மில்லிமீட்டருக்கு நீண்டு மெலியும். வாய்ப்பக்கம் உடல் குறுகினால் அலையும் அங்கே தணியும். அவர் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து உற்றுப் பார்க்கச் சொன்னார். 3 மில்லிமீட்டர் பட்டை, நடுவில் குறுக்கிடும் இடத்தில் 3 மில்லிமீட்டராகவே தெரிகிறது. அலையின் உச்சியில் திரும்பும் இடத்தில் 4-ஐத் தாண்டி அகன்று தெரிகிறது. எழுதுகோலை அழுத்தியும் தளர்த்தியும் இழுத்த கோட்டின் உயிர் அதில் இருக்கிறது. அந்த உயிரைத் தந்தது கையல்ல, கோணம்.

கண்ணாடியில் இன்னொன்றும் தெரிந்தது. உண்மையான பின்னலில் இழை ஒருமுறை மேலே போனால் அடுத்தமுறை கீழே போகும். இங்கே அப்படியில்லை. கடைசியாகச் செருகிய பட்டை மற்ற மூன்றையும் அறுத்துக்கொண்டு முழுசாக ஓடுகிறது. முதல் பட்டை எல்லாச் சந்திப்பிலும் அறுபட்டிருக்கிறது. அறுபட்ட இடத்தில் மயிரிழை அளவுக்குப் பசைக்கோடு. நாலும் ஒரே மரம் என்பதால் வெறும் கண்ணுக்கு இது தெரியாது. பின்னலை நம் கண்ணே முடித்துக்கொள்கிறது.

இனி, ஊதலில் ஏன் இது கடினம் என்பது. பூரிக்கட்டைக்கு உள்ளே துளை கிடையாது. ஊதலின் உடலை நடுவே 16 மில்லிமீட்டர் அளவுக்குத் துளைக்க வேண்டும். துளை அரை மில்லிமீட்டர் விலகினால், துளையை மையமாக வைத்துக் கடையும்போது ஒரு அலை மேலேறும், எதிர் அலை கீழிறங்கும். சந்திப்புகள் கூடாமல் முடிச்சே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பட்டை செருகிய இடமெல்லாம் பசையால் நிற்கும் இடம். துளைத்த பிறகு மெல்லிய சுவரில் அந்தப் பசைதான் தாங்க வேண்டும். அதனால் உளியைத் தீட்டித் தீட்டி, இழை இழையாகச் சீவுகிறார். அவசரப்பட்டால் நாலு இரவு உழைப்பும் ஒரு நொடியில் சிதறும்.

இதற்குமேல் ஈரம். ஊதலுக்குள் போவது மனிதனின் சூடான மூச்சு. வெளியே பனியும் மழையும். மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஒரு மரம் ஊதும் அளவுக்கு இன்னொரு மரம் ஊதாது. வால்நட்டின் குறுக்கே மேப்பிள் பட்டை கிடப்பதால் இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும். அதனால் நன்றாக உலர்ந்த மரம், தண்ணீர் தொடாத பசை, உள்ளும் புறமும் ஈரம் புகாத மெருகு என்று மூன்றிலும் விட்டுக்கொடுப்பதில்லை. நாக்கைத் தாங்கும் செருகு உடலுக்குள் இறுக்கமாக ஏறும் வாயில் பித்தளை வளையம் ஒன்றையும் அடித்து மாட்டுகிறார். பார்க்க நகைபோல இருந்தாலும் அது மரம் பிளக்காமல் காக்கும் பூண்.

அலமாரியில் மரங்களை அடுக்கி வைத்திருந்தார். இந்த மண்ணிலேயே வளரும் ஓசேஜ் ஆரஞ்சு அவருக்கு மிகப் பிடித்தது. ஓசேஜ் பழங்குடியினர் வில் செய்த மரம். வெட்டிய புதிதில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள், வெயில் படப்படப் பழுப்பாக மாறும். பக்கத்தில் மத்திய அமெரிக்காவின் கோகோபோலோ, ஆப்பிரிக்கக் கருமரம். இந்த இரண்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு ஒரே பேரினத்து உறவு, டல்பெர்ஜியா. களவு வெட்டு பெருகியதால் 2017 முதல் அந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டது. கையில் இருக்கும் பழைய துண்டுகளை அவர் பட்டையாகச் சீவி முடிச்சுக்கு மட்டும் பயன்படுத்துகிறார். உடலுக்கு உள்ளூர் மரம். அரிய மரத்தை வீணாக்காமல் அதன் நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த முறை எனக்கு மிகவும் சரியாகப் பட்டது.

முடிச்சு முடிந்ததும் அவர் அதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டார். இனி குரல். செருகின் மேல்புறம் வாய்க்கால்போல் குடைந்த ஒரு பலகை. அதன்மேல் மைலார் என்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய நாக்கு, கனம் கால் மில்லிமீட்டர். அதை அழுத்திப் பிடிக்க ஒரு தக்கைத் துண்டு. பலகையின் முன்பக்கம் மெல்ல வளைந்து இறங்குகிறது. மூச்சு பட்டதும் நாக்கு அந்த வளைவில் அடித்து அடித்து மீள்வதுதான் குரல். வளைவு கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ குரல் கெட்டுவிடும். உப்புத்தாளை விரல்நுனியில் வைத்து இரண்டு தேய்ப்பு, ஊதிப் பார்ப்பது, மறுபடி ஒரு தேய்ப்பு என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. வால்நட் உடலின் முடிச்சு இந்தக் குரலுக்கு எள்ளளவும் உதவாது. அதை அவரே சொன்னார்.

"அப்ப எதுக்கு அந்த நாலு ராத்திரி வேலை?" என்று கேட்டேன்.

"வாத்துக்கு இல்ல. எனக்கு. கட்டை மூலைமட்டத்துல இல்லன்னா முடிச்சு காட்டிக்கொடுத்துடும். துளை நடுவுல இல்லன்னா காட்டிக்கொடுத்துடும். பலகையைத் தேய்க்கும்போது அதே கை, அதே கண்ணுதானே வேலை செய்யுது" என்றார்.

மறுநாள் விடியலுக்கு முன்பே பேயு மீட்டோ காட்டுக்குப் போனோம். ஸ்டட்கார்ட்டை அடுத்து 33,000 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் மாநில அரசின் வனம். குளிர்காலத்தில் கருவாலி மரங்களின் அடியில் தண்ணீரை நிறுத்துகிறார்கள். கொட்டை தின்ன மல்லார்ட்கள் வருகின்றன. தண்ணீரை முன்கூட்டியே விட்டாலோ வடிக்கத் தாமதித்தாலோ மரங்கள் பட்டுப்போகும் என்பதால் அதையும் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. நான் துப்பாக்கி ஏந்தவில்லை, இடுப்பளவு தண்ணீரில் ஒரு மரத்தோடு ஒட்டி நின்றேன். கிழக்கு வெளுத்ததும் உயரே ஒரு கூட்டம். கடைசல்காரர் காலால் தண்ணீரை உதைத்து அலை எழுப்பிக்கொண்டே நீண்ட கூவல் ஒன்று விட்டார். கூட்டம் வளைந்தது. இரை தின்னும் கலகலப்புக்கு மாற்றினார். மரக்கிளைகளுக்கு நடுவே இறக்கையை மடக்கி, சுழன்று, தண்ணீரைப் பார்த்து வாத்துகள் விழுந்தன. அந்த நொடியில் அவர் கையிலிருந்த ஊதலின் முடிச்சை எந்த வாத்தும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. குரல் மட்டும்தான் அங்கே இருந்தது.

வேட்டையில் மனம் ஒட்டாத வாசகர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சில விவரங்கள். மிசிசிப்பித் தடத்தில் ஒருவர் ஒரு நாளில் ஆறு வாத்துக்கு மேல் எடுக்க முடியாது. அதில் மல்லார்ட் நாலு, அந்த நாலில் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. பதிவு செய்த வாத்துக்குரலை ஒலிபெருக்கியில் போட்டு அழைப்பதற்கும் தடை உண்டு; மூச்சால்தான் அழைக்க வேண்டும். 16 வயது நிரம்பிய ஒவ்வொரு வேட்டைக்காரரும் 25 டாலர் கொடுத்து வாத்து முத்திரை வாங்கியாக வேண்டும். 1934 முதல் விற்கும் இந்த முத்திரையில் வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட், சதுப்புநிலங்களை வாங்கிக் காக்கப் போகிறது. 1930-களில் எண்ணிக்கை சுருங்கிய பறவைக்கு இன்று நிலம் மிஞ்சியிருப்பதில் இந்தப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஊதலின் தேவையும் பறவையின் பிழைப்பும் ஒரே பத்தாண்டில், ஒரே நெருக்கடியில் பிறந்தவை.

அழகுக்கென்றே மதிப்பெண் போடும் இடங்களும் இருக்கின்றன. தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு நாஷ்வில்லில் நடத்தும் ஊதல் செய்வோர் போட்டியில் அலங்கார ஊதல்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. வான்கோழியை அழைக்கும் மரப்பெட்டி, பலகைக்கல் தட்டு, வாத்து ஊதல் எல்லாவற்றிலும் இழைப்பு வேலையின் உச்சங்களை அங்கே காணலாம். அவற்றில் பல, ஊதப்படாமலே சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. எனக்கு அதில் வருத்தம். வாய் படாத ஊதலில் முடிச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது பாதி வேலைதான். முடிச்சு இல்லாத ஊதல் வாத்தை இறக்கும். குரல் இல்லாத முடிச்சு எதையும் இறக்காது. குரலைத் திருத்திய அதே கறார், உடலிலும் ஏறி நிற்கும்போதுதான் அந்த அழகுக்குப் பொருள் உண்டு. கருவியில் செய்யும் அலங்காரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆர்க்கன்சா பக்கம் போகும் வாய்ப்புள்ளவர்கள் நவம்பர் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். லிட்டில் ராக் விமான நிலையத்திலிருந்து ஸ்டட்கார்ட் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போட்டியை மெயின் ஸ்ட்ரீட்டில் நின்றபடியே கேட்கலாம். அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். திருவிழாக் கடைகளில் தொழிற்சாலை ஊதல்களுக்கு நடுவே, தம் கையால் கடைந்ததை விற்கும் ஓரிருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வாங்குவதென்றால் அவர்களிடம் வாங்குங்கள். முடிச்சைப் பார்த்து மயங்கி உடனே பணத்தை நீட்டாமல், முதலில் ஊதிக் காட்டச் சொல்லுங்கள். குரல் சரியாக இருந்தால், அதன் பிறகு முடிச்சின் பன்னிரண்டு சந்திப்பையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருக்கும் ஊதலுக்கு அவர் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.